பாடம் இருந்தது, பழக்கம் இல்லை: இங்கிலாந்தின் ‘சீல்’ திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2010இல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 90 சதவீதமும் உயர்நிலைப் பள்ளிகளில் 70 சதவீதமும் ‘சீல்’ என்ற ஒரே பெயரில் ஒரு திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தன. சோஷியல் அண்ட் எமோஷனல் ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் லேர்னிங் என்பதன் சுருக்கம் அது. தன் உணர்வைத் தானே அறிவது, கோபத்தைக் கையாள்வது, மனம் தளராமல் முயல்வது, அடுத்தவர் நிலையிலிருந்து பார்ப்பது, சண்டையைப் பேசித் தீர்ப்பது ஆகியவற்றைப் பள்ளியிலேயே கற்றுத்தருவதுதான் நோக்கம். அதே ஆண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நீல் ஹம்ஃப்ரி, ஆன் லெண்ட்ரம், மைக்கேல் விகிள்ஸ்வொர்த் ஆகிய மூவரும் அரசுக்காகச் செய்த மதிப்பீடு வெளியானது. உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை முடிவு இதுதான்: சமூக, உணர்வுத் திறன்களில் முன்னேற்றம் இல்லை, மனநலச் சிக்கல்கள் குறையவில்லை, பிறருக்கு உதவும் குணம் கூடவில்லை, நடத்தைப் பிரச்சினைகளும் அப்படியே இருந்தன.

22 சீல் பள்ளிகளையும் 19 ஒப்பீட்டுப் பள்ளிகளையும் எடுத்துக்கொண்டு, 7ஆம் ஆண்டில் (நம் கணக்கில் ஆறாம் வகுப்பு) இருந்த 4,000க்கும் மேற்பட்ட மாணவர்களை 9ஆம் ஆண்டு வரை தொடர்ந்து கேள்வித்தாள் வழியாக அளந்தார்கள். தவிர, சில பள்ளிகளுக்கு நேரிலும் திரும்பத் திரும்பப் போய் நடப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். எண்களைவிட இந்த நேரடிப் பதிவுகள்தான் நமக்கு அதிகம் சொல்கின்றன. ‘உணர்வைக் கற்றுத்தர முடியாது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள் அந்தப் பகுதியைப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

தொடக்கம்

பிளேர் அரசின் கல்வித் துறைக்காக கேத்ரின் வியர், கே கிரே இருவரும் 2003இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். குழந்தைகளின் உணர்வு, சமூகத் திறன்களை வளர்க்க எது உதவுகிறது என்பதே அதன் கேள்வி. பள்ளிகள் இதைத் தனித்தனியாகச் செய்யாமல் நாடு முழுதும் வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதே ஆண்டு 25 உள்ளாட்சிப் பகுதிகளில் தொடக்கப் பள்ளிகளுக்கான முன்னோட்டம் ஆரம்பமானது. 2005இல் தொடக்கப் பள்ளிப் பொருள்கள் நாடு முழுதும் போயின. 2007இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது.

தொடக்கப் பள்ளி முன்னோட்டத்தைப் பற்றி ஆசிரியர்கள் நல்லபடியாகச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளிகள் அந்த ஆய்வில் இல்லை. ‘பிள்ளைகள் அமைதியாகியிருக்கிறார்கள்’ என்று ஆசிரியர் சொன்னால், அது திட்டத்தால் வந்ததா, பிள்ளைகள் இரண்டு வயது வளர்ந்ததால் வந்ததா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அந்த நம்பிக்கையின் மீதே அடுத்த கட்டம் கட்டப்பட்டது.

திட்டத்தின் எலும்புக்கூடு டேனியல் கோல்மன் பிரபலமாக்கிய ஐந்து வகைகள்: தன்னறிவு, உணர்வுகளைக் கையாளுதல், ஊக்கம், பரிவு, சமூகத் திறன். தொடக்கப் பள்ளிக்கு ஏழு கருப்பொருள்கள் இருந்தன. புதிய தொடக்கங்கள், சேர்ந்திருப்பதும் சண்டை போடுவதும், கொடுமைப்படுத்தலுக்கு மறுப்பு, இலக்கை நோக்கி, நான் நானாக இருப்பது, உறவுகள், மாற்றங்கள். ஏறத்தாழ அரைப் பருவத்துக்கு ஒன்று என்று பள்ளி முழுதும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். அசெம்பிளியில் தொடங்கி, எல்லா வகுப்புகளும் தத்தம் வயதுக்கேற்ற பாடத்தில் அதையே தொடரும். அடுத்த ஆண்டு அதே கருப்பொருள் ஒரு படி மேலே திரும்பி வரும். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுதும் இருப்பதால் இந்த வடிவம் பொருந்தியது. காலையில் ‘சேர்ந்திருப்பது’ பற்றிப் பேசியவர் மதியம் விளையாட்டுத் திடலில் சண்டை மூண்டால் அதையே எடுத்துச் சொல்லலாம்.

உயர்நிலைப் பள்ளியில் இந்த வசதி இல்லை. ஒரு மாணவர் நாளுக்கு ஐந்தாறு ஆசிரியர்களைச் சந்திக்கிறார். ஒவ்வொருவருக்கும் தன் பாடம், தன் தேர்வு, தன் கவலை.

கையில் கிடைத்தது என்ன

உயர்நிலைப் பள்ளிகளுக்கு வழிகாட்டிக் கையேடும், 50 கற்றல் விளைவுகளின் பட்டியலும், 7ஆம் ஆண்டுக்கு நான்கு கருப்பொருள்களில் பாடப்பொருள்களும் கொடுக்கப்பட்டன. கையேடு நான்கு வேலைகளைச் சொன்னது. பள்ளியின் சூழலையே மாற்றுவது, திறன்களை நேரடியாகக் கற்பிப்பது, மற்ற பாடங்களைக் கற்பிக்கும் முறையிலும் அவற்றைக் கலப்பது, ஆசிரியர்களுக்குத் தொடர்பயிற்சி. நான்கில் எதை முதலில், எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை நிமிடம், யார் நடத்துவது என்பவற்றைப் பள்ளியே முடிவு செய்துகொள்ளலாம்.

இது கவனக்குறைவால் நடந்ததல்ல. 1998 முதல் நடந்த தேசிய எழுத்தறிவுத் திட்டம் ஒரு மணி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களிடம் திணித்திருந்தது. அதில் சலித்துப்போனவர்களிடம் இன்னொரு கட்டளைத் தொகுப்பைக் கொடுத்தால் எடுபடாது, பள்ளி தனக்கேற்றபடி வளைத்துக்கொண்டால்தான் அது பள்ளியின் சொந்தமாகும் என்பது வடிவமைப்பாளர்களின் வாதம். மனிதர்களை அறிந்த வாதம்தான். ஆனால் அதற்கொரு விலை உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு செய்தால்தான் ‘சீல் நடத்துகிறோம்’ என்று சொல்லலாம் என்ற கோடு எங்குமே இல்லை.

பள்ளிக்குள் போனபோது

ஒரு பள்ளி 7ஆம் ஆண்டுக்கு மட்டும் சில பாடங்கள் நடத்தியது. இன்னொன்று வகுப்பாசிரியர் வருகை எடுக்கும் நேரத்தில் பணித்தாள் கொடுத்தது. வேறொன்று சுவரொட்டிகளும் அசெம்பிளிகளும் போதும் என்று நினைத்தது. சில பள்ளிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டன. எல்லாமே கணக்கில் சீல் பள்ளிகள்தான். ஒப்பீட்டுப் பக்கத்தில் இருந்த பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. தனிநபர், சமூக, உடல்நலக் கல்வி என்ற பெயரில் இதே போன்ற ஏதோவொன்று அங்கும் நடந்தது. இரு பக்கத்துக்கும் இடையே உண்மையில் இருந்த தூரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த தூரத்தில் வித்தியாசத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்?

ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட தடைகள் இரண்டு: ஆசிரியர்களிடம் விருப்பம் போதவில்லை, திறமையும் போதவில்லை. விருப்பம் இல்லாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ‘இது என் வேலையா?’ என்ற கேள்வி கணித ஆசிரியருக்கு நியாயமாகவே வரும். பள்ளியைப் பொதுவெளியில் எடைபோடுவது 16 வயதுத் தேர்வு முடிவுதான், சீல் அல்ல. திறமை போதாததற்குக் காரணம் பயிற்சி வந்த வழி. உள்ளாட்சி ஆலோசகர் பள்ளிக்கு ஓரிருவருக்குப் பயிற்சி தருவார்; அவர் திரும்பிப் போய் மற்ற எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். கீழே இறங்க இறங்கப் பயிற்சி சுருங்கியது. கடைசியில் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரு மாலைக் கூட்டமும் ஒரு பவர்பாயின்ட்டும். ஒரு பாத்திரமேற்பு நடிப்பை 30 பேர் வகுப்பில் எப்படி நடத்துவது, அது கேலிக்கூத்தானால் எப்படி மீட்பது என்பதை யாரும் செய்துகாட்டவில்லை.

பொறுப்பாளர் யார் என்பது மூன்றாவது சிக்கல். மூத்த நிர்வாகக் குழுவில் இல்லாத ஓர் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவரால் கால அட்டவணையைத் தொட முடியாது. கால அட்டவணையைத் தொட முடியாதவர் நடத்தும் திட்டம் மற்றவர்களின் தயவில் ஓடும். மாதிரித் தேர்வு வந்ததும் முதலில் காணாமல்போவது அதுதான். நம் பள்ளிகளில் நீதிபோதனை பீரியட் கணிதத்துக்குக் கடன் போவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கண்காணிப்பும் கிடையாது. எத்தனை பாடம் நடந்தது, எது விடுபட்டது என்று குறித்துவைக்கும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை. அதனால் தவறு நடப்பது தெரியவேயில்லை.

2010 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசுக்கு இதில் ஆர்வமில்லை. 2011இல், சீலை நடத்திய தேசிய உத்திகள் அமைப்பே மூடப்பட்டது. கேத்ரின் எக்கிள்ஸ்டன், டென்னிஸ் ஹேய்ஸ் போன்ற கல்வி ஆய்வாளர்கள் இதற்கு முன்பே வேறொரு கோணத்தில் எதிர்த்திருந்தார்கள்: வகுப்பறையை மனநலச் சிகிச்சை அறையாக்குவது பிள்ளைகளைத் தாங்களே பலவீனமானவர்கள் என்று நம்பவைக்கும் என்பது அவர்கள் வாதம். அப்போது மிகையாகத் தெரிந்த அந்த வாதத்தைப் பின்னால் வந்த ஓர் ஆய்வு (கீழே வரும் மிரியட்) சற்று வேறு வெளிச்சத்தில் காட்டியது.

கண்டிப்பாக நடத்தியிருந்தால்?

இவ்வளவையும் படித்தவருக்கு உடனே தோன்றுவது, ‘தளர்வுதான் குற்றம், இறுக்கமாக நடத்தியிருந்தால் பலித்திருக்கும்’ என்பது. பாதி சரி. 2011இல் ஜோசப் டர்லாக் குழு இதுபோன்ற 213 பள்ளித் திட்டங்களையும் அவற்றிலிருந்த 2,70,034 மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தது. திறன்களிலும் நடத்தையிலும் முன்னேற்றம் தெரிந்ததோடு, படிப்பிலும் தெரிந்தது: நூறு பேரைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் 50ஆம் இடத்தில் நிற்பவர் 61ஆம் இடத்துக்கு வரும் அளவுக்கு. பலித்த திட்டங்களில் நான்கு குணங்கள் இருந்தன. படிப்படியான வரிசை இருந்தது; பேச்சாக இல்லாமல் செய்துபார்க்கும் பயிற்சி இருந்தது; இதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது; எந்தத் திறன் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. நடத்துவதில் கோளாறு இருந்த திட்டங்களின் பலன் கணிசமாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் தொடக்கப் பள்ளிகளில் நடந்தவை என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மறுபாதியை மிரியட் ஆய்வு சொல்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லெம் குய்கன் தலைமையில் பிரிட்டனின் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையிலான 8,376 மாணவர்களைக் கொண்டு, குலுக்கல் முறையில் நடந்த சோதனை அது. முடிவு 2022இல் வந்தது. சீலில் குறையாக இருந்தவை எல்லாம் இங்கே சரிசெய்யப்பட்டிருந்தன. மனக்கவனம் (மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிப்பது) பற்றிய 10 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட திட்டம். ஆசிரியர்கள் முதலில் எட்டு வாரம் தாங்களே மனக்கவனப் பயிற்சி எடுத்தார்கள், பிறகு நான்கு நாள் கற்பிக்கும் பயிற்சி. இருந்தும் ஓராண்டு கழித்து மாணவர்களின் மனச்சோர்விலோ நடத்தையிலோ நலத்திலோ வழக்கமான பாடம் பெற்றவர்களைவிட எந்த மேம்பாடும் இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்தவர்கள் சில அளவுகளில் சற்று மோசமாகவே இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் பலன் பெற்றவர்கள் ஆசிரியர்கள்: அவர்களின் பணிச்சோர்வு குறைந்தது.

ஏன் என்று தேடியபோது எளிமையான ஒரு தகவல் கிடைத்தது. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே அந்தப் பயிற்சியைச் செய்யவேயில்லை. 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றிலும் இதே கதை. 1,071 பதின்பருவத்தினருக்கு எட்டு வாரம் உணர்வுக் கட்டுப்பாட்டுப் பாடம் நடந்தது. முடிந்த கையோடு அளந்தபோது சில அளவுகளில் நிலைமை மோசமானது, பெற்றோருடனான உறவு உட்பட. வீட்டில் பயிற்சி செய்த சிலரிடம் மட்டும் முடிவு நன்றாக இருந்தது.

தளர்வான சீலையும் இறுக்கமான மிரியட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விடுபட்டது ஒன்றுதான் என்று நாங்கள் கருதுகிறோம்: பாடத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருக்க வேண்டிய பயிற்சி. ஒன்றில் பாடமே சரியாக நடக்கவில்லை, இன்னொன்றில் பாடம் நன்றாகவே நடந்தது. இரண்டிலும், உண்மையாகவே கோபம் வந்த ஒரு நிமிடத்தில் கற்றதை எடுத்துப் பயன்படுத்த மாணவருக்கு உதவ யாரும் அருகில் இல்லை.

சீலுக்கு உள்ளேயே இதற்கொரு சான்று இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கென்று சிறு குழு வேலை இருந்தது. சில பிள்ளைகள் மட்டும் ஒரு குழு. அதில் ஓரிருவர் நல்ல முன்மாதிரியாக இருக்கக்கூடியவர்கள். வாரத்துக்கு ஒரு அமர்வு, சில வாரங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது எழுதியே இருந்தது, நடத்துபவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்தவர். அதே மான்செஸ்டர் குழு இதை மதிப்பிட்டபோது சிறியதே ஆனாலும் பலன் தெரிந்தது. ஆனால் பெற்றோர் தந்த மதிப்பீட்டில் மாற்றம் இல்லை. அதாவது பள்ளியில் கற்றது பள்ளி வாசலோடு நின்றது.

அறம் எந்த இடத்தில்?

சீல் ‘திறன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. பிறர் உணர்வை அறியும் திறன், பேசி இணங்கவைக்கும் திறன். திறன் நல்லதுக்கும் பயன்படும், கெட்டதுக்கும் பயன்படும். ஜான் சட்டன், பீட்டர் ஸ்மித், ஜான் ஸ்வெட்டன்ஹாம் ஆகியோர் 1999இலேயே இதைக் காட்டியிருந்தார்கள்: சக மாணவர்களைக் கொடுமைப்படுத்தும் கூட்டத்தின் தலைவர்கள் மற்றவர் மனத்தைப் படிப்பதில் பின்தங்கியவர்கள் அல்ல, நன்றாகவே படிக்கிறார்கள். யாரை எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்ததால்தான் அவர்களால் அதைச் செய்ய முடிகிறது. அப்படிப்பட்டவருக்கு உணர்ச்சி முகங்களை அடையாளம் காணும் பாடம் நடத்துவதால் வகுப்புக்கு என்ன லாபம்?

இந்த இடைவெளியை உணர்ந்து, அறத்தையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு எமரி பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் 2019இல் டெல்லியில் வெளியிடப்பட்டது. தலாய் லாமாவின் ஊக்கத்தில் உருவானது என்றாலும் எந்த மதத்தையும் சாராமல், எல்லோரும் மகிழ்ச்சியை விரும்புகிறார்கள், துன்பத்தை விரும்புவதில்லை என்ற பொது அடித்தளத்திலிருந்து தொடங்குகிறது.

ஆனால் அறத்தை வகுப்பறையில் செயலாக்கியதில் எங்களுக்கு அதிகம் பிடித்தது, கொடுமைப்படுத்தலைத் தடுக்கும் ஃபின்லாந்தின் கிவா திட்டம். துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி குழு உருவாக்கியது. கொடுமைப்படுத்துபவரைத் திருத்துவதோடு நிற்காமல் சுற்றி நின்று சிரிக்கும் இருபது பேரைக் குறிவைக்கிறது. அவர்கள் சிரிப்பை நிறுத்தினால் கூட்டத் தலைவனுக்குக் கிடைக்கும் மதிப்பு போய்விடும். ‘நல்லவனாக இரு’ என்று அது சொல்வதில்லை. ஒருவனைக் கேலி செய்யும்போது நீ நிற்கும் இடம் எது, அடுத்த முறை அங்கே நின்று என்ன செய்வாய் என்று கேட்டு, அதைச் செய்துபார்க்க வைக்கிறது. தொடக்கப் பள்ளி வகுப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் இதற்கு. அதோடு பள்ளிக்கு மூன்று பெரியவர்கள் கொண்ட குழு ஒன்று, உண்மையாகவே நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் எடுத்து விசாரித்துத் தொடரும். பாடமும் சம்பவமும் இணையும் இடம் இது. சீலில் இல்லாமல்போனதும் இதுதான்.

ஒரு திறன், ஆறு வாரம்

சீலின் 50 விளைவுகளைப் பார்த்து மிரண்ட பள்ளிகள் எதிலும் ஆழமாகப் போகவில்லை. ஆகவே தொடங்கும் பள்ளி ஒரு பருவத்துக்கு ஒரு திறனை மட்டும் எடுப்பது நல்லது. 40 பேர் உள்ள ஆறாம் வகுப்புக்கு, ‘சண்டை மூளும்போது நிறுத்தி, யோசித்து, பேசுவது’ என்ற திறனை எடுத்துக்கொள்வோம். மார்க் கிரீன்பெர்க், கேரல் குஷே உருவாக்கிய பாத்ஸ் திட்டத்தின் சிக்னல் விளக்கு இதற்கு நல்ல கருவி. சிவப்பு: நில், மூச்சை இழுத்து விடு, என்ன பிரச்சினை, எனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல். மஞ்சள்: என்னென்ன செய்யலாம், செய்தால் என்ன ஆகும்? பச்சை: ஒன்றைச் செய்து பார், சரிவந்ததா என்று பார்.

முதல் பாடம் 40 நிமிடம். ஐந்து நிமிடம் வகுப்பில் பொதுவாக நடக்கும் சண்டைகளைப் பட்டியலிடலாம், பெயர்கள் இல்லாமல். இடம் பிடிப்பது, கேட்காமல் பொருள் எடுப்பது, பட்டப்பெயர், ஆட்டத்தில் சேர்க்காதது என்று வரும். அடுத்த எட்டு நிமிடம் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரோடு செய்துகாட்ட வேண்டும். தவறான முறையை ஒருமுறை, சரியான முறையை இரண்டு முறை. பிறகு 18 நிமிடம் மூவர் மூவராக: இருவர் சண்டைக்காரர்கள், ஒருவர் பார்வையாளர். 40 பேரில் 12 குழுக்கள் மூவராகவும், ஒன்று நால்வராகவும் அமையும். ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரம் மாறும். பார்வையாளர் வேலை சும்மா பார்ப்பதல்ல, ‘நின்றாரா, பிரச்சினையைச் சொன்னாரா, ஒரு வழி கேட்டாரா’ என்ற மூன்றையும் தாளில் டிக் செய்வது. மிச்ச நேரத்தில், இந்த வாரம் எங்கே இதைப் பயன்படுத்தப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும்.

வசனம் பேச்சுத்தமிழில் இருக்கட்டும். “நான் வருத்தமாக உணர்கிறேன்” என்று எந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பேசுவதில்லை, சிரிப்புதான் வரும். “நீ கேக்காம எடுத்ததுல எனக்குக் கடுப்பாயிடுச்சு. அடுத்த தடவ கேட்டுட்டு எடு” என்றால் போதும்.

அடுத்த ஐந்து வாரங்களில் முழுப் பாடம் இன்னும் இரண்டு முறை வந்தால் போதும். மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும். மற்ற வாரங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம், புதிய சூழலில் அதே மூன்று படிகள். இதைவிட முக்கியம் மூன்று விஷயங்கள். ஆறாம் வகுப்புக்குப் போகும் அத்தனை ஆசிரியரும், உடற்கல்வி ஆசிரியர் உட்பட, அதே சொற்களைப் பயன்படுத்த வேண்டும்; “சிவப்புல நில்லு” என்றால் எல்லோர் வாயிலும் ஒரே பொருள். திடலில் சண்டை வந்தால் தண்டனைக்கு முன் அந்த மூன்று படிகளையும் அங்கேயே நடத்திப் பார்க்க வேண்டும், நான்கு நிமிடம் ஆனாலும். மூன்றாவது, ஆசிரியருக்கே கோபம் வரும்போது அவர் அதைச் செய்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மேசையில் பிரம்பைத் தட்டிக்கொண்டே பொறுமை பற்றிய பாடம் நடத்தினால் பிள்ளைகள் பிரம்பைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பேசுவது சீல் பள்ளிகளுக்குப் பிடித்தமான முறை. 40 பேருக்கு ஆளுக்கு 30 விநாடி என்றாலே 20 நிமிடம் போய்விடும். 15ஆவது ஆளுக்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். எட்டெட்டுப் பேராகப் பிரித்து, பேச விருப்பமில்லாதவர் ‘பாஸ்’ சொல்லலாம் என்று விட்டுவிட வேண்டும். மறுப்பவரைப் பேச வற்புறுத்தினால் அவர் அடுத்த வாரம் பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்.

நடிப்பு கேலிக்கூத்தாவது இன்னொன்று. அதற்குப் பெரும்பாலும் காரணம், தவறான முறையை நடிப்பதற்கு அதிக நேரம் கொடுப்பது. அடிப்பதும் திட்டுவதும் நடிக்கச் சுவையானவை. மாணவர்கள் சரியான முறையை மட்டும் நடிக்கட்டும். தவறானதை ஆசிரியர் காட்டினால் போதும். வகுப்பில் உண்மையாகவே பகையுள்ள இருவரை ஒரே குழுவில் போட வேண்டாம்.

‘இன்று என் மனநிலை’ அட்டவணையைச் சுவரில் மாட்டிப் பெயரோடு ஒட்டச் சொல்வது அழகாகத் தெரியும். சோகமாக இருப்பவரை ஒட்டுமொத்த வகுப்புக்கும் அறிவிக்கும் பலகை அது. டைரியின் உள்பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பிள்ளை ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லிவிடும்போது பள்ளிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது. ‘நீ சொல்வது என்னோடு இருக்கும்’ என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியிலும் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் இருப்பார். ஆசிரியர் விசாரணை செய்யாமல், கேட்டதைக் கேட்டபடி எழுதி அவரிடம் கொடுப்பார். இந்தியாவில், பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. இந்த ஏற்பாட்டை முதல் பாடத்துக்கு முன்பே முடிவு செய்து, எல்லா ஆசிரியர்களுக்கும் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

எதை அளப்பது

மான்செஸ்டர் ஆய்வு மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பிய கேள்வித்தாள்களை நம்பியது. அவற்றில் ஒன்று ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்வி வடிவம். நல்ல கருவிதான், ஆனால் சிக்கலுள்ள பிள்ளைகளை இனங்காண உருவானது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே சிக்கல் குறைவாக இருக்கும்போது மேலும் குறைய இடமில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. ‘நான் பிறர் பேசுவதைக் கவனமாகக் கேட்பேன்’ என்ற வரிக்குப் பாடத்துக்கு முன் ஐந்துக்கு ஐந்து போட்ட பிள்ளை, கேட்பது என்றால் என்ன என்று கற்ற பிறகு மூன்று போடலாம். கற்றதால்தான் மதிப்பெண் குறைகிறது. 11 முதல் 14 வயதுவரை பள்ளி மீதான பிடிப்பு இயல்பாகவே சரிவதும் கணக்கில் சேரும்.

சாதாரணப் பள்ளிக்கு இந்தக் கேள்வித்தாள்கள் தேவையில்லை. முதலில் எண்ண வேண்டியது பாடங்களை: திட்டமிட்டதில் எத்தனை நடந்தது, எத்தனை பாதியில் நின்றது, ஏன். பாத்ஸ் திட்டத்தை மான்செஸ்டர் பகுதியின் 45 தொடக்கப் பள்ளிகளில் சோதித்தபோது, பயிற்சியும் உதவியும் இருந்தும் ஆசிரியர்கள் பாட வரிசையில் வெகுவாகப் பின்தங்கினார்கள். குறித்துவைத்ததால்தான் அது தெரிந்தது. இரண்டாவது, தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்படும் சண்டைகள், வாரவாரியாக, திட்டம் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே. மூன்றாவது, மதிய இடைவேளையில் வாரம் ஒருமுறை 15 நிமிடம் ஓர் ஆசிரியர் திடலில் நின்று, பேசித் தீர்ந்த தகராறு எத்தனை, பெரியவர் தலையிட்டுத் தீர்ந்தது எத்தனை என்று கோடு போடுவது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே இடம். இரண்டு பருவம் முடிந்தும் பாடங்களில் பத்தில் எட்டாவது நடந்திருந்து, திடல் கணக்கு அசையவே இல்லை என்றால் அந்தப் பாடத்தைக் கைவிட்டு, அதே நேரத்தை எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களுக்குக் கொடுக்கலாம். பாடங்களில் பாதிகூட நடக்கவில்லை என்றால் பிள்ளைகளைப் பற்றி இன்னும் எதையும் முடிவு செய்ய முடியாது. பொறுப்பாளரின் கையில் கால அட்டவணை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.